நீரை அளந்த பொறியாளர் விசுவேசுவரய்யா

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் பொறியாளர் ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய காவிரியைப் போற்றும் நாம், அக்காவிரி இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதையும் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். புலவர் பாடிய காவிரி மழை பெய்தால் பெருகியது. மழை பொய்த்தால் சுருங்கியது. இன்றைய காவிரியோ மதகு திறந்தால் வருகிறது; மூடினால் நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் நீர் உண்டா என்பதை வானத்தைப் பார்த்தன்று, நாளிதழைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். இந்த மாற்றத்தின் வாயிலில் நிற்பவர்களுள் முதன்மையானவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

கன்னட நாட்டில் அவர் தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்படுகிறார். தமிழகத்திலோ, அவர் பெயரைக் கேட்டதும் கண்ணம்பாடி அணையும் காவிரி வழக்குமே பலருக்கு நினைவில் எழும். முழுமையான வழிபாடும் முழுமையான மனக்கசப்பும் ஒரு மனிதரை அறிந்துகொள்ள உதவா. அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், எதைச் செய்ய இயலாமற்போனார் என்று நடுநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

மைசூர் சமஸ்தானத்தில், சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், 1860களின் தொடக்கத்தில், செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நாளே இன்று இந்தியா முழுவதும் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. முன்னோர் ஆந்திரப் பகுதியிலுள்ள மோட்சகுண்டம் என்ற ஊரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், வீட்டுமொழி தெலுங்கு. தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலமை மிக்கவர். செல்வம் மிக்கவர் அல்லர். மகன் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே அவர் மறைந்தார். தாய்மாமனின் ஆதரவில் பெங்களூர் வந்து, பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெற்ற வருவாயில் தம் படிப்பைத் தொடர்ந்தார் விசுவேசுவரய்யா. பெங்களூர் மத்தியக் கல்லூரி அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. 1881இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டம் சென்னை வழங்கியதே.

மைசூர் அரசின் உதவித்தொகை பெற்றுப் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று 1883இல் முதன்மையாகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர் பதவி கிடைத்தது. பின்னாளில் காவிரியைக் கையாண்ட முறைக்கு அடித்தளம் மைசூரில் அன்று, தக்காணத்தின் வறண்ட மேட்டுநிலத்தில்தான் இடப்பட்டது. ஆகவே அவ்வாண்டுகளைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

தானே திறக்கும் மதகு

நாசிக், கான்தேஷ் ஆகிய மாவட்டங்களில் பணியாற்றிய பின், சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பு 1890களில் அவரிடம் வந்தது. சிந்துவின் நீர் சேறும் வண்டலும் கலந்தது. வடிகட்டும் தொட்டிகள் அமைக்க நகரசபையிடம் போதிய பணம் இல்லை. ஆற்றுப்படுகையிலேயே கிணறு அமைத்து, மணலின் வழியாக ஊறிவரும் தெளிந்த நீரை எடுக்க அவர் வழி கண்டார். நம் ஊர்களில் கோடைக் காலத்தில் பெண்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் முகப்பதும் இதே முறைதான்.

அவருடைய பெயரை நாடறியச் செய்தது புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா ஏரி. முட்டா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அந்நீர்த்தேக்கம், புனே நகரத்தின் குடிநீருக்கும் கால்வாய்ப் பாசனத்துக்கும் போதாமல் இருந்தது. மழைக்காலத்திலோ கலிங்கின் மேல் பல அடி உயரத்துக்கு வெள்ளம் புரண்டோடி வீணாயிற்று. கலிங்கை உயர்த்தினால் வெள்ளக் காலத்தில் அணையின் உச்சியையே நீர் எட்டிவிடும், அணைக்கே ஆபத்து. அணையையும் சேர்த்து உயர்த்துவதென்றால் செலவு மிகும்.

விசுவேசுவரய்யா அணையைத் தொடவில்லை. கலிங்கின் மேல் தானியங்கு மதகுகளைப் பொருத்தினார். நீர்மட்டம் குறித்த அளவை எட்டும்வரை அவை மூடியிருந்து நீரைத் தேக்கும். அந்த அளவைத் தாண்டினால், ஏறிவரும் நீரின் விசையே எதிரெடைகளை இயக்கி மதகுகளைத் திறந்துவிடும். வெள்ளம் வடிந்து மட்டம் இறங்கினால் அவை தாமே மூடிக்கொள்ளும். நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும், காவற்காரன் கண்ணயர்ந்தாலும், அணை தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவேறிய இவ்வேற்பாட்டால் ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. இதற்குக் காப்புரிமை பெற்ற அவர், அரசுப் பணியில் இருந்துகொண்டு கண்டறிந்ததற்காக அரசிடமே பணம் பெறுவது தகாது என்று கருதி, அதற்குரிய ஊதியத்தை ஏற்க மறுத்தார்.

தலைமடையும் கடைமடையும்

தேக்கிய நீரை எப்படிப் பங்கிடுவது என்பது தேக்குவதைக் காட்டிலும் கடினமான கேள்வி. அக்கேள்வியை அவர் நீரா, முட்டா கால்வாய்களில் எதிர்கொண்டார்.

அங்கு நிலவிய நிலை நம் டெல்டா உழவருக்குச் சொல்லாமலே விளங்கும். கால்வாயின் தலைப்பில் நிலம் வைத்திருந்தவர்கள் வேண்டிய மட்டும் நீரெடுத்து ஆண்டுதோறும் கரும்பு பயிரிட்டனர். நீர் மிகுந்து நிலம் உவர்ந்தது. தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா பரவியது. கால்வாயின் கடைசியில் இருந்தவர்களோ கால்வாயைப் பார்த்தார்களேயன்றி நீரைப் பார்க்கவில்லை. தலைமடைக்காரனின் மிகுதியும் கடைமடைக்காரனின் வறுமையும் ஒரே தவற்றின் இரு பக்கங்களாக இருந்தன.

1899ஆம் ஆண்டளவில் அவர் முன்வைத்த திட்டம் தொகுதிமுறைப் பாசனம் எனப்பட்டது. கால்வாயின் நீளம் முழுவதும் நிலங்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பகுதியில் மட்டும் கரும்பு. மற்றொரு பகுதியில் நெல். எஞ்சியதில் குறைந்த நீர் போதுமான புன்செய்ப் பயிர். இவை மூன்றாண்டுச் சுழற்சியில் இடம் மாறும். நீர் முறை வைத்துக் குறித்த நாளில், குறித்த அளவில் விடப்படும். நிலமும் கெடாது, கடைசி ஊருக்கும் நீர் சென்றடையும், அதே அளவு நீரில் மிகுதியான குடும்பங்கள் பிழைக்கும்.

உழவர்கள் இதனை முதலில் எதிர்த்தார்கள். தம் விருப்பப்படி பயிரிடும் உரிமை பறிபோவதாக அஞ்சினார்கள். விசுவேசுவரய்யா ஊர் ஊராகச் சென்று, கணக்கு வைத்து விளக்கி, அவர்களை இணங்கச் செய்தார். இந்தியப் பாசனத்தை ஆராய 1901இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவும் இம்முறையைப் பாராட்டியது. அவருடைய வாழ்வின் அடிப்படைக் கருத்து இங்கேதான் உருப்பெற்றது என்று நாம் கருதலாம். நீர் என்பது முதலில் வந்தவன் அள்ளிக்கொள்ளும் புதையல் அன்று. அளந்து, நாள் குறித்து, அனைவருக்கும் பிரித்துத் தரவேண்டிய பொதுச்சொத்து என்பதே அக்கருத்து.

மூசி ஆற்றின் சீற்றம்

பம்பாய் மாகாணத்தில் இந்தியர் எட்டக்கூடிய உயரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. தலைமைப் பொறியாளர் பதவி தமக்குக் கிட்டாது என்பதை உணர்ந்த அவர், முன்கூட்டியே ஓய்வுபெற விழைந்து வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டார். அவ்வேளையில் ஐதராபாத்தைப் பேரிடர் தாக்கியது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று 1909இல் அங்கு சென்றார் விசுவேசுவரய்யா.

கரைகளை உயர்த்துவது மட்டும் போதாது என்று அவர் கண்டார். வெள்ளம் நகரத்தை அடைவதற்கு முன்பே அதனைத் தடுத்து நிறுத்தி, ஆற்றின் கொள்ளளவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக விடவேண்டும். மூசியின் குறுக்கே ஒன்றும் அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரு நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். அவையே 1920இல் நிறைவுற்ற உஸ்மான் சாகரும், 1927இல் நிறைவுற்ற இமாயத் சாகரும் ஆகும். ஊரை அழித்த ஆறே ஊருக்குக் குடிநீரும் தந்தது.

காவிரிக்குத் திரும்புதல்

1909 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக அவர் பொறுப்பேற்றார். அப்போது காவிரி மைசூருக்கு ஒரு புதிய செல்வத்தைத் தந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் சிவசமுத்திர அருவியில் புனல்மின் நிலையம் அமைக்கப்பட்டு, 1902இல் அங்கிருந்து 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அத்தனை தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுசென்றது அந்நாளில் உலகமே வியந்த செயல். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சேஷாத்ரி ஐயர் அதனைக் காண உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். அம்மின்சாரம் இயக்கிய சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவர்களுள் மிகப் பலர் வடஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். காவிரி தஞ்சையில் நெல்லாக விளைவதற்கு முன், கோலாரில் பொன்னாகவும் விளைந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. தங்கச் சுரங்கம் ஆண்டின் எல்லா நாளும் ஒரே அளவு மின்சாரம் கேட்கும். காவிரியோ ஆடியில் கரைபுரண்டு, பங்குனியில் நூலாக இளைத்து ஓடும் ஆறு. கோடையில் சிவசமுத்திரத்தில் நீர் குறைந்தால் சுழலிகள் தளர்ந்தன. மறுபுறம், மண்டியா வட்டாரத்து மேட்டுநிலங்கள் ஆற்றின் அருகில் இருந்தும் அடிக்கடி பஞ்சத்தில் வாடின. இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்தாக அவர் கண்டது கண்ணம்பாடியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம். மழைக்கால வெள்ளத்தைத் தேக்கினால், ஒரு பங்கைக் கால்வாய் வழியாக வயலுக்கும், மற்றொரு பங்கை ஆற்றின் வழியாகச் சிவசமுத்திரத்துக்கும் விடலாம்.

பாசனமும் மின்சாரமும் ஒரே அணையில் இணையும்போது எழும் சிக்கலை அவர் நன்கறிந்திருந்தார். வயலுக்குச் சென்ற நீர் பெரும்பாலும் ஆற்றுக்குத் திரும்பாது. சுழலியைச் சுற்றிய நீரோ ஒரு துளியும் குறையாமல் மீண்டும் ஆற்றில் சேரும். பயிர் சில மாதங்களுக்கு மட்டும் நீர் கேட்கும். மின்சாரம் நாள்தோறும் கேட்கும். கால்வாய் பிரியும் இடம் அருவிக்கு மேலே இருப்பதால், வயலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் மின்சாரத்துக்குக் குறைவதாகும். இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதி, எந்த மாதத்தில் எதற்கு எவ்வளவு என்று வரையறுப்பதே அத்திட்டத்தின் உயிர். செலவைக் கண்டு தயங்கிய நிதியதிகாரிகளுக்கு அவர் சொன்ன விடையும் அக்கணக்கிலேயே இருந்தது. தங்கவயலுக்கு விற்கும் மின்சாரத்தின் வருவாய், உழவனுக்கான அணையின் கடனைச் சுமக்கும் என்பதே அது.

எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. சிறிய சமஸ்தானம் இவ்வளவு பெரிய செலவைத் தாங்காது என்றனர் பலர். மனம் சோர்ந்து விலகிவிடவும் எண்ணிய விசுவேசுவரய்யாவை மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அழைத்துப் பேசினார்; 1911இல் ஒப்புதலும் வழங்கினார். மன்னர் பெயரால் அவ்வணை கிருஷ்ணராஜசாகரம் எனப்பட்டது. அவ்விடத்தில் அணை கட்டும் எண்ணம் திப்பு சுல்தானுக்கே இருந்ததைக் காட்டும் பாரசீகக் கல்வெட்டொன்றும் அங்கே கிடைத்தது.

எட்டாயிரம் அடிக்கு மேல் நீளமான அந்தக் கல்லணை, சிமெண்டு இன்றிச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்த்த சுர்க்கிச் சாந்தினால் கட்டப்பட்டது. கடக்வாஸ்லாவில் பிறந்த தானியங்கு மதகு இங்கே பெரிய வடிவில் பொருத்தப்பட்டது. பழைய கண்ணம்பாடி ஊரும் அதன் வேணுகோபாலசாமி கோயிலும் நீரில் மூழ்கின. பல ஊர் மக்கள் தம் மண்ணைவிட்டு எழ நேர்ந்தது. அணையின் புகழைப் பேசும்போது அவர்களை மறப்பது அறமாகாது.

கீழ்மடையின் குரல்

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். சோழ நாட்டு உழவன், கரிகாலன் காலந்தொட்டுக் காவிரியை நம்பி வாழ்ந்தவன். மேலே ஓர் அணை எழுந்தால் கீழே என்ன ஆகும் என்ற அவனுடைய அச்சம் வெறும் பொறாமையன்று. காவிரியின் மேல் புதிய பாசனப் பணிகள் தொடங்குமுன் சென்னை அரசின் இசைவைப் பெறவேண்டும் என்று 1892ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறியது. சென்னை மாகாணமும் அதே காலத்தில் மேட்டூரில் ஓர் அணையைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது.

கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. தேக்க மைசூர் விரும்பியது. சென்னை 11 டி.எம்.சி.க்கு மட்டுமே முதலில் இசைந்தது. ஆயினும், பிற்காலத்தில் முழு உயரத்துக்கும் கட்டுவதற்கு ஏற்றபடியே அடித்தளத்தை அகலமாக அமைத்தது மைசூர். இது பொறியாளரின் முன்னோக்கா, மேல்மடைக்காரனின் முந்துகையா என்பதில் இரு கரையினரும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. இரண்டும் கலந்ததே என்று கொள்வதே நேர்மை. தக்காணத்தில் கடைமடை உழவனுக்காக வாதாடிய மனிதர், இங்கே தம் நாட்டின் சார்பில் தலைமடையில் நின்றார்.

வழக்கு நடுவரிடம் சென்றது. 1914இல் கிரிஃபின் வழங்கிய தீர்ப்பு மைசூருக்கு ஆதரவாக இருந்தது. சென்னை அதனை ஏற்காமல் முறையிட்டது. நீண்ட பேச்சுக்குப் பின் 1924 பிப்ரவரி 18ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி கிருஷ்ணராஜசாகரத்தின் கீழ் மைசூர் 125,000 ஏக்கரும், மேட்டூரின் கீழ் சென்னை 301,000 ஏக்கரும் புதிதாகப் பாசனம் செய்யலாம். மைசூர் எப்போது நீரைத் தேக்கலாம் என்பது, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் ஓடும் நீரின் அளவோடு பிணைக்கப்பட்டது. கன்னட நாட்டு அணையின் மதகை, தமிழ்நாட்டு அணையின் அளவுகோல் கட்டுப்படுத்தும் விந்தை அது. கடைமடைக்குச் சேரவேண்டியது சேர்ந்த பின்பே தலைமடையில் தேக்கம் என்ற கருத்து அவ்விதியில் பொதிந்திருந்தது. கடக்வாஸ்லாவின் கீழே, முட்டா கால்வாயில் விசுவேசுவரய்யா வற்புறுத்திய நியாயமும் அதுவே. ஆனால் இவ்வுடன்படிக்கை கையெழுத்தானபோது அவர் பதவியில் இல்லை.

உடன்படிக்கைக்குப் பின் மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது, 93.5 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அதன் அடியிலும் 1937இல் மின்சாரம் பிறந்தது. கிருஷ்ணராஜசாகரமும் 1930களின் தொடக்கத்தில் முழுமையுற்றது. ஒரே ஆறு சிவசமுத்திரத்தில் சுழலியைச் சுற்றி, மேட்டூரில் மீண்டும் சுற்றி, பிறகு தஞ்சையின் வயல்களில் பாயலாயிற்று.

திவான் பதவியும் ஒரு முரணும்

1912 முதல் 1918 வரை விசுவேசுவரய்யா மைசூரின் திவானாக இருந்தார். 1913இல் மைசூர் வங்கி, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை, பின்னர் பத்ராவதி இரும்பாலை என அவர் தொடங்கிவைத்தவை பல. 1915இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

அவர் பதவி விலகிய காரணத்தை வாழ்த்துரைகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. பிராமணரல்லாத சமூகத்தாருக்கு அரசுப் பணிகளில் உரிய பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய, 1918இல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் மன்னர் ஒரு குழுவை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்கவேண்டும் என்று கருதிய திவான் அதற்கு உடன்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பொறுப்பிலிருந்து நீங்கினார்.

நீதிக்கட்சி வேரூன்றிய மண்ணில் வாழும் நாம் இதனைச் சொல்லாமல் விடலாகாது. கால்வாயின் தலைப்பில் இருப்பவன் தன் திறமையால் அங்கே இருக்கவில்லை, நிலத்தின் அமைப்பால் இருக்கிறான் என்பதை நீர்ப் பங்கீட்டில் அவர் மிகத் தெளிவாகக் கண்டார். கல்வியும் பதவியும் ஓடிய கால்வாயிலும் தலைமடை, கடைமடை உண்டு என்பதைக் காண அவர் மறுத்தார். பெரியவர்களின் பார்வையிலும் எட்டாத மூலைகள் இருக்கின்றன. அவற்றைக் குறிப்பிடுவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாது.

நூறாண்டு வாழ்வு

பதவி துறந்தபின் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் உழைத்தார். தள்ளாடிய பத்ராவதி இரும்பாலையின் நிர்வாகத்தை 1923 முதல் ஏற்று நிலைநிறுத்தினார். இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று 1934இலேயே நூல் எழுதினார். மகாநதியின் வெள்ளத்தால் ஒரிசா தவித்தபோது, ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாக நோக்கி, மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் அமைக்க ஆராயவேண்டும் என்றார். விடுதலைக்குப் பின் எழுந்த ஹிராகுட் அணையின் முதற்சிந்தனைகளுள் அதுவும் ஒன்று. ஜோக் அருவியைக் கண்டு அதன் ஆற்றல் வீணாகிறதே என்று அவர் வருந்தியதாகக் கூறுவர். அதன் நீர்கொண்டு இயங்கும் மின்நிலையம் 1948இல் தொடங்கப்பட்டது. அருவியின் அழகில் மனத்தைப் பறிகொடுக்கும் இலக்கிய அன்பர்கள் இவ்வருத்தத்தைக் கேட்டுச் சற்று முகம் சுளிக்கலாம். கோடையில் இருளில் கிடந்த ஊர்களைப் பார்த்தவரின் கண்கள் வேறு என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1955இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்த நிலையில் பெங்களூரில் அவர் காலமானார். அவருடைய உடல் முத்தேனஹள்ளியின் மண்ணிலேயே சேர்ந்தது. மண்டியாவுக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

முடிவாக

1924 உடன்படிக்கையின் மறுஆய்வுக் காலமான 1974 வந்தும் புதிய உடன்பாடு பிறக்கவில்லை. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி, கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. நீர் விடவேண்டும் என்று வரையறுத்தது. அதனைக் கண்காணிக்க மேலாண்மை ஆணையமும் அவ்வாண்டே அமைந்தது. மழை பெய்த ஆண்டில் யாரும் தீர்ப்பை நினைப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் தீர்ப்பு மட்டும் போதுவதில்லை.

குறைவை எவ்வாறு பங்கிடுவது என்பதே கேள்வி. மிகுதியைப் பங்கிடப் பேரறிவு வேண்டியதில்லை. இக்கேள்விக்கு ஒரு விடையை விசுவேசுவரய்யா தம் முப்பதுகளிலேயே நீரா கால்வாயின் கரையில் எழுதிவைத்தார். நீர் எவ்வளவு என்று அனைவரும் அறிய அளக்கவேண்டும். நிலத்துக்கும் நீருக்கும் ஏற்ற பயிரைத் தேரவேண்டும். முறை வைத்து விடவேண்டும். கடைசி வயலை முதலில் எண்ணவேண்டும். ஒரு கால்வாயில் அதனை நிறைவேற்ற அவருக்கு அதிகாரம் இருந்தது. இரண்டு அரசுகள் பங்குகொண்ட ஆற்றில் அவரும் ஒரு தரப்பாகிப் போனார். அணை கட்டும் கலையை அவரிடமிருந்து இரு மாநிலங்களும் செவ்வனே கற்றுக்கொண்டன. பங்கிடும் கலையை இன்னும் கற்றாக வேண்டியிருக்கிறது. கர்நாடகத்தின் தலைமடையும் தமிழகத்தின் கடைமடையும் மட்டுமன்று, நம் மாநிலத்துக்குள்ளேயே உள்ள தலைமடையும் கடைமடையும் அதனைக் கற்கவேண்டும்.

பத்தாண்டுகளாகக் காவிரி பாடிய கவிகளைப் படித்துவந்த நம் வட்டத்தார், அடுத்த முறை கிருஷ்ணராஜசாகரத்தின் வண்ண விளக்குகளையும் பூங்காவையும் காணச் செல்லும்போது, சற்று நேரம் அணையின் மேல் நின்று, கீழே கிழக்கு நோக்கி ஓடும் நீரையும் பார்க்கட்டும். அது மேட்டூருக்கும், முக்கொம்புக்கும், கல்லணைக்கும், கடைசியில் பூம்புகாருக்கும் போகவேண்டிய நீர். அதனை அளந்த மனிதரை அப்போது நன்றியோடும், நியாயத்தோடும் நினைவுகூர்வோமாக.